வேதாரண்யம்: ஒரே சாமியிடம் இரண்டு வேண்டுதல்

தை அமாவாசைக்கு வேதாரண்யம் போகிறவர்கள் முதலில் கடலுக்குத்தான் போவார்கள். சன்னதிக் கடலில் முங்கி, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்து, ஈரத்துணியோடு வந்து கோயிலுக்குள் இருக்கும் மணிகர்ணிகை தீர்த்தத்தில் இன்னொரு முழுக்கு. நாங்களும் அப்படியே செய்தோம்.

உள்ளே மறைக்காட்டுநாதர். வேதங்கள் பூட்டிவிட்டுப் போன கதவை அப்பர் பாடித் திறந்ததும், சம்பந்தர் பாடி அடைத்ததும் தெரிந்த கதைதான். அப்பருக்குப் பதினோரு பாட்டு ஆயிற்று, சம்பந்தருக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. அதில் என் அம்மாவுக்கு அப்பர் சார்பில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. லிங்கத்துக்குப் பின்னால் அகத்தியருக்குக் காட்டிய கல்யாணக் கோலம். சரஸ்வதி கையில் வீணை கிடையாது.

வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டே நகர்ந்தார்கள்.

"ஒரு மழை பெஞ்சாப் போதும்ணே, முல்லை தழைஞ்சுரும்."

"பெய்யட்டும், ஒங்க கொல்லைக்குள்ள மட்டும் பெய்யச் சொல்லுங்க. நாங்க பாத்தி மிதிச்சுல்ல வச்சிருக்கோம்!"

ஒருவர் பூ விவசாயி, மற்றவர் உப்பளத்துக்காரர். இருவரும் அர்ச்சனைத் தட்டோடு ஒரே சன்னதிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். சாமி பாடு கஷ்டம்தான்.

மறுநாள் அகத்தியன்பள்ளி உப்பளங்களைப் பார்த்தபோது அந்தப் பேச்சு முழுசாகப் புரிந்தது. வடகிழக்கு மழை ஓய்ந்ததும் பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். உப்புநீரை ஒரு பாத்தியில் காயவிட்டு, அடுத்ததற்கு மாற்றி, இன்னும் காயவிட்டு, கடைசிப் பாத்திக்கு வரும்போது உப்பு பூக்கிறது. அதைப் பலகையால் வாரிக் கரையில் குவிக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில்தான் நல்ல விளைச்சல். அந்த நேரத்தில் கோடை மழை ஒன்று கொட்டினால் பாத்தியில் இருப்பது கரைந்துபோகும், வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூலிக்கு வருகிறவர்களுக்கு அத்தனை நாளும் வருமானமில்லை.

கொல்லைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்த மணல் பூமியில் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கொல்லையில் ஆழமில்லாத பள்ளம் தோண்டி அதைத்தான் செடிக்கு ஊற்றுகிறார்கள். பேராசைப்பட்டு ஆழமாகப் போனால் உப்பு வந்துவிடும். மழை பொய்த்த வருஷம் முல்லையும் இல்லை, மாவும் இல்லை.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கிய ராஜாஜி, ஏப்ரல் 30-ல் உப்பு அள்ளிக் கைதானதும் இதே அகத்தியன்பள்ளியில்தான். நினைவு ஸ்தூபி இருக்கிறது. பக்கத்தில் அகத்தீசுவரர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். ஸ்தூபியைப் பார்ப்பவர்கள் பலர் கோயிலைத் தவறவிடுகிறார்கள்.

அங்கிருந்து தெற்கே போனால் கோடியக்கரை, குழகர் கோயில். கடற்காற்று இப்படி வந்து மோதுகிற கரையில், பக்கத்தில் ஒரு குடியும் இல்லாமல், யார் துணையென்று இருக்கிறீர் என்று சுந்தரர் சிவனிடமே கேட்ட இடம். காற்று அப்படியேதான் இருக்கிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்தப் பக்கம் கரையேறியபோது தென்னையும் மாவும் ஆயிரக்கணக்கில் விழுந்தன.

குடி இல்லை என்ற குறை மட்டும் இப்போது வருஷத்தில் பாதி நாள் தீர்ந்துவிடுகிறது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து கரையில் வாடி, அதாவது தற்காலிகக் குடிசை, போட்டுத் தங்குகிறார்கள். நாங்கள் போனபோது ஆண்கள் வலையிலிருந்து மீனைக் கழற்ற, பெண்கள் மணலில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார்கள். மழை வருமா என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். "வாயக் கழுவுங்க தம்பி, கருவாடு காயட்டும்" என்றார். ஆக, உப்பளத்துக்காரருக்குக் கூட்டணி இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: 2023 முதல் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியன்பள்ளிக்கு மறுபடி ரயில் ஓடுகிறது. உப்பு வாருவதைப் பார்க்க ஆசையென்றால் அமாவாசைக் கூட்டத்தை விட்டுவிட்டு ஏப்ரலில் போங்கள். தொப்பி அவசியம், வெயில் சும்மா விடாது.