தபால்தலைகளில் ஒரு மருத்துவர்: பாதி தாண்டிய ஆல்பம்

யூரி ஷெர்பாக்கின் வாழ்க்கையைத் தபால்தலைகளாலேயே சொல்லிப் பார்க்கலாம் என்று தொடங்கிய ஆல்பம் பாதியைத் தாண்டிவிட்டது. 1934இல் கீவில் பிறந்தவர். தொற்றுநோய் மருத்துவர், எழுத்தாளர், பிறகு உக்ரைனின் தூதர். அவருடைய முகம் எந்தப் பக்கத்திலும் வரக்கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட விதி. முகத்தை ஒட்டிவிட்டால் மற்றவையெல்லாம் வெறும் அலங்காரம் ஆகிவிடும்.

மருத்துவப் பக்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. 1958இல் கீவ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, அங்குள்ள தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் 1987 வரை பணியாற்றினார். பெரியம்மையை உலகெங்கும் ஒழிக்கலாம் என்று சோவியத் ஒன்றியம் உலக சுகாதாரப் பேரவையில் முன்மொழிந்ததும் அதே 1958இல்தான். இந்தப் பகுதிக்கு 1962இல் வந்த சோவியத் மலேரியா ஒழிப்புத் தபால்தலையை வைத்தேன். மூலையில் அழகாக முத்திரை விழுந்திருக்கிறது; திருப்பினால் பின்பக்கப் பசை அப்படியே இருக்கிறது. சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்கென்றே முத்திரை குத்தி அனுப்பிய சரக்கு அது, எந்தக் கடிதத்திலும் ஏறியதில்லை. தூய சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். அரசு தன்னைப் பற்றி வெளியுலகுக்குச் சொல்ல விரும்பிய கதை அதில் இருப்பதால் எனக்கு அது போதும்.

செர்னோபில் பக்கம்தான் அதிக நாள் பிடித்தது. 1986 ஏப்ரல் 26 அன்று அங்குள்ள அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. ஷெர்பாக் அந்தப் பகுதிக்குச் சென்று தீயணைப்பு வீரர்கள், மருத்துவர்கள், உலை ஊழியர்கள் ஆகியோரின் வாக்குமூலங்களைத் திரட்டினார். நோயாளியிடம் கேட்டு எழுதும் மருத்துவரின் பழக்கம் அங்கே கைகொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் எழுதியது 1987இல் ‘யூனஸ்த்’ என்ற சோவியத் இலக்கிய இதழில் வெளிவந்தது. சோவியத் அஞ்சல்துறையின் செர்னோபில் தபால்தலையோ ஐந்தாம் ஆண்டையொட்டி 1991இல் வந்தது. இரண்டையும் அருகருகே வைத்தால் இடைவெளி தெரியாது. அதனால் 1987 என்று எழுதிய பக்கத்தைக் காலியாக விட்டு, அடுத்த பக்கத்தில் தபால்தலையை ஒட்டினேன்.

அந்த எழுத்துக்குப் பிறகு சுற்றுச்சூழல் இயக்கம் அவரை இழுத்துக்கொண்டது. 1989இல் சோவியத் மக்கள் பிரதிநிதிகள் காங்கிரசுக்குத் தேர்வானார். உக்ரைன் பசுமைக் கட்சிக்குத் தலைமை வகித்தார். 1991இல் சுற்றுச்சூழல் அமைச்சரானார்.

அந்த மாற்றத்தைக் காட்ட 1992இன் மேலச்சுத் தபால்தலைகளைவிடப் பொருத்தமானவை கிடையா. புதிய நாட்டிடம் போதுமான தபால்தலைகள் இல்லை. மீந்திருந்த சோவியத் தபால்தலைகள் மீதே உக்ரைனின் திரிசூலச் சின்னத்தை அச்சிட்டுப் பல நகரங்களில் விற்றார்கள். பழைய நாட்டின் பெயர் அடியில் தெரிய, புதிய நாட்டின் சின்னம் மேலே நிற்கும். போலிகளும் ஏராளம், ஏனென்றால் திரிசூலத்தை எவரும் அச்சிட்டுவிடலாம். மேலச்சு மையின் விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்த பிறகே வாங்குகிறேன். சந்தேகம் இருந்தால், உறையோடு இருப்பதைத் தேடுவது உத்தமம். ஊர் முத்திரையும் தேதியும் ஒத்துவருகின்றனவா என்றாவது சரிபார்க்கலாம்.

இஸ்ரேலில் 1992 முதல் 1994 வரை தூதராக இருந்த காலத்துக்கு ஒரே பக்கம்தான். அமெரிக்காவுக்கான தூதராக இருந்த வாஷிங்டன் காலம் கனமானது. அவர் அங்கே சென்ற அதே 1994இன் டிசம்பரில் புடாபெஸ்ட் ஒப்பந்தம் கையெழுத்தானது. அணுகுண்டுகளைக் கைவிடும் நாட்டுக்குப் பாதுகாப்பு உறுதி அளித்த தாள் அது. அணு உலையின் சேதத்தை எழுதியவர், அணு ஆயுதத்தைத் துறக்கும் நாட்டின் குரலாக நின்றார். இதற்கு எந்தத் தபால்தலை என்று இன்னும் முடிவாகவில்லை.

கனடாவுக்கு மட்டும் தபால்தலை கையில் இருக்கிறது. 1992இல் உக்ரைன் வெளியிட்ட முதல் தபால்தலைகளில் ஒன்று, கனடாவுக்கு உக்ரைனியர் குடியேறிய நூற்றாண்டைக் குறித்தது. காலவரிசைப்படி அது மேலச்சுகளின் பக்கத்துக்குப் போக வேண்டும். நான் அதை 2000 முதல் 2003 வரை கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் அவர் தூதராக இருந்த காலத்தின் பக்கத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். போட்டிக் கண்காட்சிக்கு அனுப்பினால் நடுவர் மதிப்பெண் குறைக்கலாம். குறைத்துக்கொள்ளட்டும்.