காலாங் ஆத்தங்கரை வேலை

சிங்கப்பூர்ல நான் பாத்த சைட்லயே மனசுல நிக்கிறது பீஷான் - அங் மோ கியோ பார்க்ல காலாங் ஆத்த திரும்ப ஆறா மாத்துன வேலைதான். அதுக்கு முன்னாடி அது 2.7 கிலோமீட்டர் நேரா போற கான்கிரீட் கால்வாய், நாங்க பெரிய லோங்காங்னுதான் (அந்த ஊர்ல வடிகாலுக்குப் பேரு) சொல்லுவோம். மழை பேஞ்சா தண்ணி சர்ருன்னு கீழ போயிடணும், அவ்ளோதான் அதோட டிசைன், மீன் ஒதுங்கக்கூட ஒரு பொந்து கெடையாது.

அத ஒடச்சி 3.2 கிலோமீட்டருக்கு வளைஞ்சி நெளிஞ்சி ஓட விட்டாங்க. வளைவு இருந்தா தண்ணி வேகம் கொறையும், ஆனா வளைவோட வெளிக்கரையிலதான் அரிப்பு ஜாஸ்தி, எங்க தலவலி பூரா அங்கதான். அந்தக் கரைய செடி வேர வெச்சே புடிச்சி நிறுத்தணுமாம்! ஐரோப்பாவுல இதுக்கு நட்டா வேர் விடுற வில்லோ மரக் குச்சி இருக்கு, இந்த வெயிலுக்கு எது வரும்னு யாருக்கும் தெரியல, அதனால 2009ல மொதல்ல ஒரு பக்கக் கால்வாய்ல சுமார் 60 மீட்டர்ல கரைய புடிச்சி நிறுத்துற பத்து விதமான வழிய போட்டுப் பாத்து, அதுல ஏழ எடுத்துக்கிட்டாங்க.

குச்சிங்கள கட்டா கட்டி கரையோரம் புதைக்கிறது, ஜியோடெக்ஸ்டைல் துணியில (தண்ணிய விட்டு மண்ண மட்டும் புடிச்சிக்கிற துணி) மண்ண சுத்தி படிப்படியா அடுக்குறது, கல்லு நடுவுல கொம்பு செருகுறது, இதெல்லாம் தான் வேலை. முருங்கைக் கொம்பு மாதிரி நட்டா துளிர்க்கிற செடியாத்தான் தேடுனாங்க. எங்க ஃபோர்மேன் அண்ணன் ஒத்துக்கவே இல்ல, "ஏம்ப்பா, சிமெண்டே விரிசல் விடுது, இந்தக் குச்சியா தாங்கும்"னாரு. சிமெண்ட் கொஞ்ச நாள்ல இறுகிடும், அப்புறம் தேய்மானம்தான், வேரு நாளாக நாளாகத்தான் இறுகும், ஆனா அதுவரைக்கும் ஒவ்வொரு பெரிய மழைக்கும் பயந்துகிட்டேதான் இருக்கணும், அதையும் சொல்லணும்ல.

ஒடச்ச கான்கிரீட்ட லாரில ஏத்தி தள்ளாம அங்கயே ஒரு குன்று ஆக்கிட்டாங்க, அது எனக்கு ரொம்பப் புடிச்சது. 2012ல அந்தப் பார்க்கைத் தொறந்தாங்க, பின்னாடி நீர்நாய் கூட்டமே வந்துச்சு. தண்ணி ஏறுனா சைரன் அடிக்கும், ஜனங்க மேட்டுக்கு ஏறிடணும்.

ஆனா இத எல்லா ஊர்லயும் அப்படியே பண்ணலாம்னு பேசுறவங்கள நான் நம்ப மாட்டேன். அங்க பக்கத்துலயே 60 ஹெக்டேருக்கு மேல பார்க் இருந்துச்சு, வெள்ளம் வந்தா ஆறு 100 மீட்டர் வரைக்கும் விரியலாம். நான் அடுத்து போன சைட்ல ஒரு பக்கம் ரோடு, இன்னொரு பக்கம் பில்டிங், அங்க கான்கிரீட்தான் போட்டோம்.