நன்றியுரைக்குப் போன பெயர்

"அவங்களுக்கு வரைவு அனுப்பினோமா சார்?"

ஆய்விதழின் தளத்தில் எங்கள் கட்டுரையின் கட்டுரையாளர் பட்டியலை நிரப்பிக்கொண்டிருந்தபோது இளைய சகா கேட்டார். "ஒருமுறை அனுப்பினேன், திரும்பி வந்துடுச்சு. அதனாலதான் நன்றியுரையில போட்டிருக்கேன்" என்றேன். பேச்சு அவ்வளவுதான். கட்டுரையும் வெளிவந்துவிட்டது.

சகா கேட்டது, ஆய்வகத்தை விட்டுப் பாதியில் விலகிப்போன ஒரு மாணவியைப் பற்றி. மாதிரிகளில் பெரும்பகுதியைச் சேகரித்து அளந்தவர்.

என் பதிலுக்கு விதியின் துணை இருப்பதாகத்தான் நினைத்தேன். சர்வதேச மருத்துவ இதழாசிரியர்கள் குழு நான்கு தகுதிகளைக் கேட்கிறது. வடிவமைப்பு, தரவு திரட்டல், பகுப்பாய்வு, விளக்கம் ஆகியவற்றில் ஒன்றிலாவது கணிசமான பங்கு வேண்டும். எழுதியிருக்க வேண்டும், அல்லது உள்ளடக்கத்தை ஆராய்ந்து திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். நான்காவது, 2013-ல் சேர்ந்தது: கட்டுரையின் நேர்மை குறித்துக் கேள்வி எழுந்தால் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் கட்டுரையாளர். அவரிடம் முதலாவது மட்டுமே இருந்தது.

ஆனால் வரைவே போய்ச் சேராதவர் எதைத் திருத்துவார்? அதே வழிகாட்டுதல் இந்த ஓட்டையை அடைத்தும் வைத்திருக்கிறது. முதல் தகுதி உள்ளவருக்கு மற்றவற்றில் பங்கேற்க வாய்ப்புத் தர வேண்டும்; வாய்ப்பை மறுத்துவிட்டு, தகுதி இல்லை என்று விலக்கக் கூடாது. அந்த வரி எனக்குத் தெரியாததல்ல.

கருவியின் அளவுதிருத்தம் தவறியிருந்ததால் அவருடைய அளவீடுகளில் ஒரு பகுதியை நீக்கினோம். புள்ளியியல் பகுப்பாய்வு முழுக்கப் புதிது. இவையெல்லாம் உண்மை. ஆனாலும், நீக்கியது போக மிஞ்சியவைதான் கட்டுரையின் இரண்டாவது வரைபடம். அது இல்லாமல் முடிவுரையின் பாதி நிற்காது.

ஒப்புதல் இல்லாத ஒருவரைக் கட்டுரையாளராகப் போட்டிருந்தால் அதுவும் தவறே. நாளை சந்தேகம் எழுந்தால், தான் பார்த்திராத வாக்கியங்களுக்கு அவர் பதில் சொல்ல நேரும். இதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்ததுண்டு. ஆனால் நன்றியுரைக்கும் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கச் சொல்கிறது வழிகாட்டுதல். அங்கே பெயர் இருந்தால், முடிவுகளை அவர் ஆமோதிப்பதாக வாசகர் கொள்ளக்கூடும். அதையும் நான் வாங்கவில்லை. எனக்கு இருந்த நேர்வழி ஒன்றே: சமர்ப்பிப்பைத் தள்ளிவைத்துவிட்டு அவரைத் தேடுவது.

இப்போது ஒருவர் ஆய்வகத்தை விட்டுப் போகும் நாளிலேயே ஒரு தாளை நிரப்புகிறோம். நிறுவன முகவரி கணக்கோடு சேர்ந்து முடங்கிவிடும் என்பதால் சொந்த மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் வாங்கிக்கொள்கிறோம். எந்த மூலக்கோப்புகள் யார் அளந்தவை, ஆய்வில் யார் என்ன செய்தார் என்று பிரித்துக் காட்டும் கிரெடிட் (CRediT) வகைப்பாட்டின் 14 பங்களிப்புகளில் எவை அவருடையவை, வரைவைப் பார்க்க விருப்பமா என்பதெல்லாம் அதில் இருக்கும். முதல் வரைவு எழுதும் முன் பெயர் வரிசையைப் பேசி, தேதியிட்டு வைக்கிறோம். வரிசை பிறகு மாறலாம். மாறினால் காரணத்தையும் எழுதுகிறோம்.

வெளியான கட்டுரையில் பெயர் சேர்க்க, காரணத்தை விளக்கும் கடிதமும், சேர்க்கப்படுபவர் உட்பட அனைவரின் ஒப்புதலும் வேண்டும். இதழ் ஏற்றால் திருத்த அறிவிப்பு வெளியிடும். கடிதத்தை எழுதிவிட்டேன். சகாக்கள் கையெழுத்திட்டுவிட்டார்கள், கேள்வி கேட்டவர் முதலாவதாக. அந்த மாணவியின் புதிய முகவரியும் கிடைத்துவிட்டது. கட்டுரையாளராக இருக்க அவருக்கு விருப்பமா என்று கேட்டு எழுத வேண்டிய மின்னஞ்சலைத்தான் இன்னும் எழுதவில்லை.