கணக்கெடுப்புத் தாள்களில் ஓர் அயர்லாந்து

அயர்லாந்தின் வரலாற்றை மூல ஆவணங்கள் வழியே அறிய விரும்புவோருக்கு, அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களையே முதலில் பரிந்துரைப்பேன். 1911 ஏப்ரல் 2ஆம் தேதி இரவு வீட்டில் தங்கியிருந்தவர்களின் பெயர், வயது, மதம், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, ஐரிஷ் மொழி பேசுவாரா என்பன யாவும் 1911 படிவங்களில் உள்ளன. எழுதத் தெரியாத குடும்பத் தலைவர் கையொப்பத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி இட்டிருப்பார். மணமான பெண்களிடம் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை எனத் தனித்தனியே கேட்டிருக்கிறார்கள். அவ்விரு கட்டங்களையும் கழித்துப் பார்க்காமல் அடுத்த தாளுக்குப் போக என்னால் முடிவதில்லை. டப்ளினின் ஹென்றியேட்டா தெருவில், ஒரு காலத்தில் செல்வந்தர்கள் வாழ்ந்த மாளிகைகளான 15 வீடுகளில் அன்று 835 பேர் குடியிருந்தனர்.

பெரும் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும், 1841இலும் 1851இலும் எடுத்த கணக்கெடுப்புகளின் படிவங்கள், உள்நாட்டுப் போர் மூண்ட 1922 ஜூனில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்து ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோயின. சொற்பமே மிஞ்சின. ஆனால், 1909இல் வழங்கத் தொடங்கிய முதியோர் ஓய்வூதியத்தைப் பெற 70 வயதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பிறப்புகள் அனைத்தையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியதே 1864இல்தான் என்பதால், முதியவர்கள் அந்தப் பழைய படிவங்களில் தம் பெயரைத் தேடித் தரும்படி விண்ணப்பித்தனர். எழுத்தர்கள் தேடிக் குறித்த விவரங்களோடு அவ்விண்ணப்பங்களில் பல இன்றும் இருக்கின்றன; எரிந்துபோன படிவங்களின் சில வரிகளை அவற்றில் படிக்கலாம்.