கோட்டைக்குள் ஒரு பிரதோஷம்

பிரதோஷத்துக்கு வேலூர்க் கோட்டைக்குப் போயிருந்தேன். கூட அத்தை. அப்பாவின் தங்கை. கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டார் என்பதற்காக எங்கள் வீட்டில் பதினோரு வருடம் அவரோடு பேச்சே இல்லை. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, ஏறக்குறைய.

கோபுரவாசலில் அத்தை நின்றுவிட்டார். "நீ போயிட்டு வா, செருப்பை நான் பாத்துக்கிறேன்." இந்தக் கோயிலில் பல நூறு வருடம் மூலவரே இல்லை. 1981 மார்ச் 16 அன்றுதான் சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்தார். அத்தைக்கு அப்போது பன்னிரண்டு வயது. பாட்டியோடு பார்க்க வந்து, கூட்ட நெரிசலில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்தாராம். அதனால்தானோ என்னவோ, இன்னும் காவல்.

கல்யாண மண்டபத்துக்குள் போனால் தூண் குதிரைகளிலேயே கண் நின்றுவிடும். அண்ணாந்தும் பார்க்க வேண்டும். கூரையில் தாமரையைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கும். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். அப்புறம் நந்திக்கு அபிஷேகம், தீபாராதனை, கையில் விபூதி.

விபூதியைப் பூசும்போது 1806 நினைவுக்கு வந்தது. அணிவகுப்பில் நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தொப்பியைத்தான் போட வேண்டும் என்றார்கள் வெள்ளைக்காரர்கள். நீறு பூசியவருக்கும் தாடி வைத்தவருக்கும் ஒரே நேரத்தில் ரோஷம் வந்தது. ஜூலை 10 விடிவதற்கு முன்பே இதே கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கிவிட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். அவரவர் சாமிக்காகத்தான் கிளம்பினார்கள், ஆனால் சேர்ந்து கிளம்பினார்கள். எங்கள் வீட்டில் யாரும் எந்த உத்தரவும் போடவில்லை, நாங்களாகவே பிரிந்துகொண்டோம். சாமியைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான் அதில் முக்கால்வாசி.

வெளியே வந்தபோது அத்தை இரண்டு ஜோடிச் செருப்பையும் கால் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச தூரத்தில், 1846-இல் கட்டிய புனித ஜான் தேவாலயம். அங்கே போகலாமா என்றேன்.

"அது ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம். துண்ணூறு எடுத்தாந்தியா?"

"உங்களுக்கா அத்தை?"

"எனக்கு எதுக்கு? உங்கப்பாவுக்கு. மறந்துட்டுப் போனா மறுபடியும் பதினோரு வருஷம் பேசமாட்டாரு."

பொட்டலத்தை வாங்கி, கைக்குட்டையில் முடிந்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.