ஒரு முழம் நரம்பு கொடு, தம்பி

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் குடியிருப்பவன் கார் பானட்டைத் திறந்தால் அது தனி வேலை இல்லை, பொதுக்கூட்டம். இங்கே நம்மில் பெரும்பாலானவர்களுக்குச் சொந்தக் கராஜ் கிடையாது. இஞ்சினைக் கழற்றிப் போடுகிற வேலையெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் ஆகாது. அதற்கு உபிக்கோ சின் மிங்குக்கோ போய்ப் பட்டறையில் காசைக் கொட்ட வேண்டும். கீழே வைத்துச் செய்யக்கூடியது சில்லறை வேலைதான்: துடைப்பது, பல்பு மாற்றுவது, இடுப்பில் கைவைத்து உற்றுப் பார்ப்பது. இதில் மூன்றாவது வேலைக்குத்தான் எப்போதும் ஆள் அதிகம்.

ஏழாம் மாடியில் ஒரு சீன அங்கிள் இருக்கிறார். பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்குள் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பியோடு பக்கத்தில் வந்து நிற்பார். அந்த மாடி வரைக்கும் அவருக்கு எப்படிச் சத்தம் கேட்கிறதோ தெரியவில்லை. எந்தக் கோளாறாக இருந்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான், ஓட்டை அடைக்கிற பசை. "பிரதர், சிலிக்கான் போடு லா."

என் கார் 1997இல் பதிவான மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் சிக்காகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்களே, அந்த முதல் தலைமுறை. இரண்டே சீட், மடக்கித் திறக்கிற கூரை. முன்விளக்கு இரண்டும் உள்ளே பதுங்கியிருந்து, சுவிட்சைத் தட்டினால் கண்ணைத் திறந்துகொண்டு எழும்பும். புளோக் பிள்ளைகள் அதற்குத் தவளை என்று பேர் வைத்திருக்கிறார்கள். கூரையைத் திறந்து ஓட்டுவதுதான் இந்தக் காரின் பெருமையே. ஆனால் நம் ஊரில் பகல் வெயிலில் திறந்தால் உச்சி பிளந்துவிடும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு திறக்கலாம் என்றால், அதுவரை சும்மா இருந்த மழை அப்போதுதான் வரும்.

காரின் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். காகிதத்தின் விலையைச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். 1990இலிருந்து இங்கே கார் ஓட்ட சிஓஇ என்று ஏலத்தில் எடுக்கிற வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும், அது 10 வருடத்துக்குச் செல்லும். முடிந்ததும் கடைசி மூன்று மாத ஏலத்தின் சராசரித் தொகையைக் கட்டி இன்னொரு 10 வருடம் வாங்கிக்கொள்ளலாம். பாதிப் பணம் கட்டினால் 5 வருடம், ஆனால் அதற்கப்புறம் நீட்டிப்புக் கிடையாது, கார் போக வேண்டியதுதான். என் காருக்கு 2007இலும் 2017இலும் முழுசாகப் பத்துப் பத்து வருடம் கட்டியாகிவிட்டது. அடுத்த முறை 2027. இடையில் 2023 அக்டோபரில் சின்னக் கார்களுக்கான சிஓஇயே 1 லட்சம் வெள்ளியை (டாலரை) தாண்டியதைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் யாரும் 2027 என்று சத்தமாகச் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, வயதான கார் என்பதால் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல், வருடா வருடம் பரிசோதனை வேறு. இத்தனையும் கட்டுகிறவன், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வந்தாலும் பதறத்தான் செய்வான்.

வந்தது சொட்டுத் தண்ணீர் இல்லை. விடியற்காலையில் சுமத்ரா காற்று அடித்து, கொட்டித் தீர்த்துவிட்டுப் போன ஒரு சனிக்கிழமை, வேலைக்குக் கிளம்பலாம் என்று கதவைத் திறந்து காலை வைத்தேன். ஷூவுக்குள் குளிர்ந்தது. சீட்டுக்கு அடியில் கணுக்கால் நனையத் தண்ணீர், அதில் பெட்ரோல் ரசீது ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

லீவு சொல்லிவிட்டு நிமிர்வதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அங்கிள் எட்டிப் பார்த்து, "டாப் போச்சு பிரதர், சிலிக்கான்" என்றார். நான்காம் மாடி மலாய் மாக்சிக் (பெரியம்மா) தலையை உள்ளே விட்டு, "அலாமாக், நியாமுக்!" என்று அலறினார். ஐயோ, கொசு என்று அர்த்தம். அவர் கவலை அவருக்கு. பூந்தொட்டித் தட்டில் நின்ற தண்ணீரில் கொசுப்புழு இருந்தாலே அபராதம் போடுகிற ஊரில் இவன் காருக்குள் குளமே வெட்டி வைத்திருக்கிறானே என்று பார்த்தார். தரையிலிருக்கும் ரப்பர் மூடிகளைப் பிடுங்கி முழுத் தண்ணீரையும் வடித்துக் காட்டிய பிறகுதான் நகர்ந்தார்.

சரி, தண்ணீர் எங்கே நுழைகிறது? கண்ணாடி ஓரமா, கூரைத் தையலா, கதவு ரப்பரா? ஊற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கீழே குழாய் கிடையாது. மாமியாரின் துளசிச் செடிக்கு ஊற்றுகிற பூவாளியை எடுத்து வந்தேன். உள்ளே உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். தேசிய சேவையிலிருக்கும் மகன் அன்றுதான் முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வந்திருந்தான்.

"ப்பா, ஒரு வாரமா அங்க மழையில நனைஞ்சிட்டு வந்திருக்கேன். இங்க காருக்குள்ள உக்காந்தும் நனையணுமா?"

டார்ச்சையும் ஒரு குடையையும் கொடுத்து உட்கார வைத்தேன். முன்பக்கத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டே வந்தேன். முன் கண்ணாடி விளிம்பு, ஒன்றுமில்லை. கதவு மேல்பக்கம், ஒன்றுமில்லை. அங்கிள் சிலிக்கான் குழாயைச் சட்டைப் பையிலிருந்தே எடுத்துவிட்டார். பின் கண்ணாடிக்குக் கீழே ஊற்றியபோதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது. "ப்பா, நிறுத்துங்க! சீட்டுக்குப் பின்னால சலசலன்னு வருது!"

அப்போதே புரிந்துவிட்டது. இந்தக் காரில் கூரையின் பின்பக்கம் வழிகிற மழைத் தண்ணீரை ஒரு ரப்பர் வாய்க்கால் பிடித்து, சீட் பெல்ட்டுக்குப் பின்னால் இடதும் வலதுமாக இருக்கிற இரண்டு துவாரங்களில் இறக்கிவிடும். அது உள்ளேயே குழாய் வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். துவாரம் அடைத்தால் தண்ணீர் நேரே சீட்டுக்கு அடியில்தான். கூரையில் ஒரு குற்றமும் இல்லை. இதைச் சொன்னதும் அங்கிள் முகம் வாடிவிட்டது.

ஓரத்துக் கார்பெட்டை உரித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். துவாரத்தின் வாயில் கறுப்பாக ஒரு கூழ். விரலால் நோண்ட நோண்ட வந்துகொண்டே இருந்தது: தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலைகள், அதன் இளஞ்சிவப்புப் பூநார், கூரையிலிருந்து உதிர்ந்த பஞ்சு, எனக்கு முன்னால் கார் வைத்திருந்தவர் காலத்து ஒரு காசு நாணயம். எங்கள் திறந்தவெளி நிறுத்துமிடத்தில் அந்த மரத்தடி இடத்துக்குத்தான் அடிதடி. மழை வரும்போது அது இலையை மூடிக்கொள்ளும் என்பார்கள். மிச்ச நேரமெல்லாம் என் கார் மேல் உதிர்த்துக்கொண்டிருக்கும் போல.

விரலுக்கு எட்டாத ஆழத்திலும் அடைப்பு இருந்தது. அங்கிள் சட்டை மாட்டுகிற கம்பியை நீட்டி வளைத்துத் தயாராக வைத்திருந்தார். வேண்டவே வேண்டாம் என்றேன். உள்ளே இருப்பது ரப்பர் குழாய், வயதானது. கம்பி குத்திக் கிழித்தால் தண்ணீர் கதவுக்கடித் தகட்டுக்குள் இறங்கித் துருப்பிடிக்கும். வளைகிற மாதிரி, ஆனால் துவண்டு போகாத ஒன்று வேண்டும். அந்த நேரம் பார்த்து அடுத்த புளோக் ஓரமாகப் புல் வெட்டுகிற மெஷின் சத்தம் நின்றது.

வெட்டிக்கொண்டிருந்த பையனுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். முகத்தடுப்பைத் தூக்கிவிட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"தம்பி, உன் மெஷின் நரம்புல ஒரு முழம் கிடைக்குமா?"

"ஒரு முழம் பத்துமாண்ணே?" என்றவன், பூக்காரம்மா அளக்கிற மாதிரி முழங்கையிலிருந்து இரண்டு முழம் அளந்து வெட்டிக் கொடுத்தான். கொடுத்ததோடு விடாமல் கூடவே வந்தான். நைலான் நரம்பை உள்ளே விட்டுத் திருகித் திருகி இறக்கினேன். கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தது. அப்புறம் காருக்கு அடியில் குபுக் என்று ஒரு சத்தம், பின் சக்கரத்துக்கு முன்னால் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். மாக்சிக் செருப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

பையன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "இது எவ்வளவுண்ணே?"

"காரா, காகிதமா?" என்று கேட்டு விவரத்தைச் சொன்னேன். நின்று மனதுக்குள் கணக்குப் போட்டான்.

"அந்தக் காசுக்கு ஊர்ல வீடு கட்டி, போர் போட்டு, மிச்சத்துக்கு ட்ராக்டரே எடுக்கலாம்ணே. அதுக்கும் கூரை கிடையாது."

மகன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டார்ச் கீழே விழுந்துவிட்டது. எனக்கும்தான் சிரிப்பு வந்தது. ஆனால் ட்ராக்டருக்கு விளக்கு எழும்பாதே என்று சொல்ல வாயெடுத்தபோது, என் தவளையின் இடது கண் சென்ற மாதத்திலிருந்தே பாதியில் நிற்பது ஞாபகம் வந்து பேசாமல் இருந்துவிட்டேன். அந்த மோட்டார் மேல் ஒரு திருகு இருக்கிறது, ரப்பர் மூடியை எடுத்துவிட்டுக் கையாலேயே சுற்றி ஏற்றிக்கொள்ளலாம். பரிசோதனைக்கு முன்னால் பார்க்க வேண்டும்.

மிச்சம் கார்பெட். அடியில் இருக்கிற பஞ்சு முழுக்கத் தண்ணீர் குடித்து, தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. லிஃப்டில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு போனோம். மாமியார் துணி காயப்போடுகிற மூங்கில் கழியைக் காட்டினார். மேலிருந்து தவறி ஒருத்தர் தலையில் விழுந்தால் போலீஸ்தான் வரும் என்றாள் மனைவி. பொது நடைபாதையில் போடலாம் என்றால் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், அங்கே ஏற்கெனவே துளசியும் என் பழைய டயர் இரண்டும் இருக்கின்றன. கடைசியில் சமையலறையில் நாற்காலிகளை நிறுத்தி, அதன் மேல் விரித்து, ஃபேனைப் போட்டோம். வாடை போக வேண்டுமே என்று ராத்திரி யாருக்கும் தெரியாமல் ஆப்ப சோடாவைத் தாராளமாகத் தூவிவைத்தேன்.

மறுநாள் காலையில் மாமியார் ஆப்ப மாவைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே டப்பாவைத் திறந்தார். டப்பாவைப் பார்த்தார், கார்பெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் அத்தை, காரை எடுத்துட்டுத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் வாங்கிட்டு வந்திடுறேன்."

"கார்ல கால் வைக்கக் கார்பெட் இல்ல மாப்பிள்ளை. பஸ்லயே போங்க."