மாணிக்க மாலை மடிப்பு துணியில் நின்றது

தோவாளைக்காரர்கள் பூவிலும் இலையிலும் போடும் மாணிக்க மாலை மடிப்பு ஒருவழியாகத் துணியில் நின்றுவிட்டது. மல் என்கிற மெல்லிய பருத்தித் துணியில், கூர் மழுங்காமல், அடியில் ஒரு பிசிறு இல்லாமல். கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசைனுக்கு எங்கே போவது என்று கேட்டால் எல்லாரும் போனைத்தான் நீட்டுகிறார்கள். அதில் வருவது அதே நூல் ஆந்தை, அதே பிறைநிலா. சரி, ஊரிலேயே தேடுவோம் என்று பத்மநாபபுரம் அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் ஆரம்பித்தேன். அங்கே 90 விதப் பூக்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒன்றை வரைந்து காடாத் துணியில் எம்பிராய்டரி போட்டேன். தலையணை உறைக்குப் பொருத்தம், அவ்வளவுதான். அந்தப் பூவின் அழகெல்லாம் உளி இறங்கிய ஆழத்தில் இருக்கிறது. கோட்டை மட்டும் எடுத்துவந்தால் ஆழம் அதோடு சேர்ந்து வராது. அதன்பிறகு உருவத்தைத் தேடுவதை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்படித்தான் பூ கட்டுவதற்குப் பேர்போன, நம்ம குமரி மாவட்டத்துத் தோவாளைக்குப் போனேன். மாணிக்க மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது படம் போட்டார்கள், ஆனால் படத்தில் ஒன்றும் தெரியாது. மற்ற மாலைபோல உருண்டையாக இல்லாமல் பாய் முடைந்ததுபோலத் தட்டையாக இருக்கும். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை எல்லாவற்றையும் மடித்து மடித்து, கல் பதித்த மாதிரிக் கட்டம் கட்டமாக அடுக்குகிறார்கள். பூ கட்டும் ஒரு அக்காவிடம் இதைத் துணியில் செய்யப் பார்க்கிறேன் என்றேன். “பிள்ளே, இலைய நரம்பு பாத்து மடக்கணும். குறுக்கால மடக்கினா ஒடிஞ்சு போவும்” என்றார், கையை நிறுத்தாமல்.

துணிக்கும் நரம்பு உண்டே! இழைதான் நரம்பு. நாம் எல்லாரும் சதுரத்தை இழையோடு நேராக வெட்டி, மூலைக்கு மூலை ஒரு மடிப்பு, மறுபடி பாதியாக ஒரு மடிப்பு போட்டு முக்கோணம் எடுப்போம். அப்படி எடுத்தால் வெளியே தெரிகிற இரண்டு ஓரமும் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக விழும். கிராஸ் என்றால் இழுபடும், அதனால் கூர் தொங்கிப்போகும். வெட்டு வாய் இருக்கிற அடியோ நேர் இழை, விடாமல் பிசிறு கக்கும். சதுரத்தையே கிராஸில் வெட்டுங்கள். எல்லாம் தலைகீழாகிவிடும். மடித்த ஓரங்கள் நேர் இழையில் கத்திபோல நிற்கும், அடி கிராஸில் இருப்பதால் பிசிறாது. துணி நிறைய வீணாகும் என்பது உண்மைதான். மூலைத் துண்டுகளைப் பொம்மைக்கு அடைக்க வைத்திருக்கிறேன்.

இரண்டு அங்குலச் சதுரத்துக்கு அடி இரண்டு அங்குலம், உயரம் ஒரு அங்குலம் வரும். ஒவ்வொன்றும் நான்கு அடுக்கு. பக்கத்து முக்கோணம் பாதி ஏறினால் எட்டு அடுக்கு, பாப்ளினில் ஊசி இறங்காது. மல்தான் சரி. ஆனால் மல் வழுக்கும். அதனால் வெட்டுவதற்கு முன்பே, மடிக்கும்போது அல்ல, ஜவ்வரிசிக் கஞ்சியில் முக்கிக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். கிராஸ் அடி தைக்கும்போது இழுபடாமல் இருப்பதும் இந்தக் கஞ்சியால்தான். நம்மூரில் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை ஒன்று, ஐப்பசி மழை ஒன்று. கஞ்சி போட்ட துணி இரண்டிலும் பூசணம் பிடிக்கும். புத்தக பைண்டிங் செய்கிறவர்கள் அதைத் தடுக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அது நீலம் ஏற்றும், விஷமும்கூட, சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள். நொச்சிப் பச்சைத் துணிக்கு மட்டும் துளி சேர்த்தேன், நிறம் இன்னும் நன்றாகவே வந்தது. வெள்ளைக்கு வெயிலை விட்டால் வழியில்லை.

முக்கோணங்களை வரிசையாகத் தைக்கும் அடித்தளம் பழைய மீன்வலை. குளச்சலில் கிழிந்த வலையைக் கேட்டால் சும்மாவே தருகிறார்கள். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டும் வாசனை போக நாளாகும், வீட்டில் திட்டு வாங்கத் தயாராக இருங்கள். வலைக்கண் ஒரே அளவாக இருப்பதால் வரிசை தானாகவே நேராக வருகிறது. சிவப்பு மல்தான் தலைவலி. நாகர்கோவிலில் ஒரு கடையில் சாயம் போகாது என்று சத்தியம் செய்து கொடுத்தார்கள், கஞ்சியில் போட்டதும் கஞ்சியே ரோஜாப்பூ நிறம். இப்போது கட்பீஸ் வாங்கும்போதே ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்துவிடுகிறேன்.

ஓரத்துக்குத் தலையணை லேஸ் வைக்க ஆசை. 1820களில் மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலை அது. குண்டூசி குத்திய தலையணையில் நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுகிறவர்களின் கையை ஒருதடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் வெள்ளை வரிசை இன்னும் பாதி கிடக்கிறது. வலையில் முடிச்சு நழுவாத மெழுகு நூல் நம்ம மாவட்டத்தில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள் மக்கா, செருப்புத் தைக்கிற நூல் தடிமனாக இருக்கிறது.